யாரும் கேட்காத விரதம்

பழைய வீடியோ கேம் ஒன்றை எடுத்து, தன் கையைத் தானே கட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி மின்ரயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடைப்பது கடினம்.

ஃபைனல் ஃபேன்டஸி என்ற ஜப்பானிய ஆட்டம் 1987 டிசம்பரில் வெளிவந்தது. யார் யார் போகிறீர்கள் என்பதுதான் அது கேட்கும் முதல் கேள்வி. போர்வீரன், திருடன், கறுப்புப் பட்டைக்காரன், சிவப்பு மந்திரவாதி, வெள்ளை மந்திரவாதி, கறுப்பு மந்திரவாதி என்று ஆறு வகை ஆட்கள். அவர்களிலிருந்து நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர் அடிப்பதற்கு இரண்டு பேர், நெருப்பு வீச ஒருவர், மருந்து போட ஒருவர் என்று அமைத்துக்கொண்டு கிளம்புவார். வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வெள்ளை மந்திரவாதியை எடுப்பார்கள். காயம் ஆற்றத் தெரியும், பிணப் பேய்களைச் சுடத் தெரியும், மற்றபடி உருப்படியாக ஓர் அடி அடிக்கத் தெரியாத ஆள். கூட வந்த மூவரை ஆரம்பச் சண்டையிலேயே சாகவிட்டு, உயிர்ப்பிக்காமல், இந்த ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றப் புறப்படுவார்கள்.

முடித்தால் பரிசு கிடையாது. இப்படி ஒருவர் ஆடினார் என்பது ஆட்டத்துக்கே தெரியாது. நான்கு பேரோடு சுகமாக முடித்தவருக்குக் காட்டும் அதே முடிவுக் காட்சியைத்தான் இவருக்கும் காட்டும்.

நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. கார்த்திகை பிறந்தால் சிப்காட் கேட்டில் நுழைகிறவர்களில் பலர் கழுத்தில் துளசி மணி ஏறிவிடும். கேன்டீனில் முட்டை இருக்கும், கை போகாது. மேஸ்திரி பார்க்கிறாரா, மனைவி பார்க்கிறாளா என்ற கணக்கே அங்கே கிடையாது. வீடியோ கேம் உலகத்திலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. சாமி மட்டும்தான் இல்லை.

ரயிலும் ஷிப்டும்

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று போகிற வண்டி. சிப்காட்டின் உருக்காலைக்கும் ரோலிங் மில்லுக்கும் போகிறவர்கள், கம்பெனி பஸ் பிடித்துத் தேர்வாய்கண்டிகை போகிறவர்கள், ஆந்திர எல்லை தாண்டித் தடா, ஸ்ரீசிட்டி வரை போகிறவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டவர்கள் என்று எல்லோரும் இந்தப் பாதையில் கலந்து கிடக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்தவர் தூங்குவார். கிடைக்காதவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்தத் திரையில் ஓடுவது பெரும்பாலும் துப்பாக்கிச் சண்டை அல்லது ரீல்ஸ். துப்பாக்கி ஆட்டத்துக்கு விடாத நெட் வேண்டும், நாலு நண்பர்கள் ஒரே நேரத்தில் விழித்திருக்கவும் வேண்டும். வாரம் ஒருமுறை ஏ, பி, சி என்று ஷிப்ட் மாறுகிறவனுக்கு இரண்டாவதுதான் நடக்காத காரியம். அவன் எழுந்திருக்கும்போது கூட்டாளி மில்லுக்குள் இருப்பான். அங்கே பல இடங்களில் கைப்பேசியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஃபைனல் ஃபேன்டஸி போன்ற பழைய ரோல் பிளேயிங் கேம் இந்த விஷயத்தில் பரம சாது. முறை வைத்து அடித்துக்கொள்ளும் சண்டை அது. நாம் ஒரு பொத்தானை அழுத்தும் வரை அரக்கன் கையைத் தூக்கியபடி காத்திருப்பான். பொன்னேரி வந்ததும் அணைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஃபைனல் ஃபேன்டஸியின் மொத்த அளவு 256 கிலோபைட். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.

இந்த வகை ஆட்டம் நம் பக்கம் நேர்வழியில் வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் வீட்டு டிவியில் மாட்டி ஆடிய பெட்டிகள் ஜப்பானிய ஃபேமிகாமின் நகல்கள். 9999 கேம் என்று அட்டை ஒட்டிய கேசட்டில் மரியோவும் கான்ட்ராவும் திரும்பத் திரும்ப வேறு வேறு எண்ணில் வரும். ரோல் பிளேயிங் கேமுக்கு இருபது, முப்பது மணி நேரம் ஆகும். அத்தனையையும் நினைவில் வைக்கக் கேசட்டுக்குள் ஒரு சிறு பேட்டரியும் தனி மெமரி சிப்பும் வேண்டும். நகல் கேசட் செய்தவர்கள் அந்தச் செலவுக்குத் தயாராக இல்லை. ஆகவே பர்மா பஜார் வழியாக மரியோவைக் கண்ட தலைமுறை இவற்றைப் பிற்பாடு, கம்ப்யூட்டர் வந்து, பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் வந்த காலத்தில்தான் பார்த்தது. எமுலேட்டரில் ஓடும் பிரதிகள் பெரும்பாலும் உரிமம் இல்லாதவை. இப்போது கைப்பேசிக்கென்றே காசுக்கு விற்கும் பதிப்புகள் இருக்கின்றன. சிரமம் இல்லாதவர்கள் அதை வாங்குவதே முறை.

நூறு ரூபாய் மந்திரம்

வெள்ளை மந்திரவாதிக்கு வருவோம். தன்னந்தனியாகப் போகிறவர் எப்படிப் பிழைக்கிறார்?

முதல் ஊரின் மந்திரக் கடையில் முதல் நிலை வெள்ளை மந்திரங்கள் நான்கு விற்கும். ஒவ்வொன்றும் அந்த நாட்டுப் பணத்தில் நூறு. ஒருவர் ஒரு நிலையில் மூன்றைத்தான் கற்க முடியும். எனவே ஒன்றை விட்டாக வேண்டும். பெரும்பாலானோர் விடுவது ரூஸ் என்ற மந்திரத்தை. அது ஓதியவரை மட்டும் அடியிலிருந்து விலகச் செய்யும், வேறு யாருக்கும் பயன்படாது. நான்கு பேர் போகும் கூட்டத்தில் பின்வரிசை ஆள் ஒருவர் தன்னை மட்டும் காத்துக்கொள்வதால் யாருக்கு என்ன லாபம்? தனியாகப் போகும்போது கணக்கு தலைகீழாகிவிடும். அந்த ‘ஓதியவர்’தான் மொத்தக் கூட்டமே. ஒருமுறை ஓதினால் விலகும் திறன் 80 கூடும். மறுபடி ஓதினால் மறுபடி 80. அதன் உச்சவரம்பு 255. மூன்று முறை முணுமுணுத்துவிட்டால் பெரிய பெரிய அரக்கர்களின் வாள்வீச்சுகளில் பெரும்பாலானவை காற்றில் போகும். பிறகு அவர் பாட்டுக்குச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அரை மணி நேரம் ஆனாலும் சரி.

வாளுக்குத்தான் இந்த வித்தை. நெருப்பும் மின்னலும் இதைச் சட்டை செய்யாது. ஆகவே எந்த எதிரி எதை வீசுவான் என்பதைப் பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடைசி எதிரியான கேயாஸிடம் அந்தப் பழைய பதிப்பில் 2000 உயிர்ப் புள்ளிகள். அவனுக்கு முழு உயிரையும் மீட்டுக்கொள்ளும் மந்திரம் வேறு தெரியும். ஒரு மணி நேரம் தட்டித் தட்டிக் குறைத்ததை ஒரே மூச்சில் அவன் நிரப்பிக்கொள்ளலாம்.

இந்த மாதிரி ஆடுகிறவர்கள் ஆட்டத்தின் எலும்புவரை போய்விடுவார்கள். 1987 பதிப்பில் ‘அறிவு’ என்று ஒரு எண் காட்டும். மந்திரவாதிக்கு அது கூடக்கூட மந்திரம் வலுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிஜத்தில் அந்த எண் எதோடும் இணைக்கப்படவே இல்லை. வாளுக்கு வலுவேற்றும் டெம்பர் என்ற மந்திரத்தை ஓதினால் ஒன்றுமே நடக்காது. உயிர்நிலையில் படும் அடியின் வாய்ப்பை ஆயுதத்தின் வரிசை எண்ணைக் கொண்டு தவறாகக் கணக்கிடும் பிழையும் உண்டு. அதனால் பட்டியலில் பின்னால் வரும் ஆயுதம் எதுவானாலும் கூடுதலாகக் குத்தும். சாதாரணமாக ஆடி முடித்த லட்சக்கணக்கானவர்களுக்கு இது எதுவும் கண்ணில் பட்டிருக்காது. வசதி இருக்கும்வரை எது வேலை செய்கிறது, எது செய்வதில்லை என்று சோதிக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. மெஷினில் நாலு வருஷம் நின்ற ஆபரேட்டர் சத்தத்தை வைத்தே பேரிங் போகப்போவதைச் சொல்வது போன்ற அறிவு இது. இன்ஜினியரின் வரைபடத்தில் கிடைக்காது.

கொல்லாமை, புலால் மறுத்தல்

விரதத்தை ஆட்டமே கணக்கு வைத்துக்கொள்ளும் ஓர் இடமும் உண்டு. நெட்ஹேக் என்ற ஆட்டம் 1987-லிருந்து இருக்கிறது. இலவசம். படம்கூடக் கிடையாது, எழுத்துகளாலேயே குகை வரைந்திருக்கும். ‘@’ என்றால் நீங்கள். ‘d’ என்றால் நாய். செத்தால் செத்ததுதான், பழைய இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. அனுபவசாலிகளே முக்கால்வாசி நேரம் பாதி வழியில் சாவார்கள்.

இத்தனை கொடுமையான ஆட்டத்தை எழுதியவர்கள், பின்வந்த பதிப்புகளில் ஒழுக்கங்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் எதையெல்லாம் கடைப்பிடித்தீர்கள் என்று அது வாசிக்கும். கடைசிவரை புலால் உண்ணவில்லை. பால், முட்டை சேர்ந்த எதையும் உண்ணவில்லை. எதையுமே உண்ணவில்லை. ஆயுதத்தால் அடிக்கவில்லை. எந்த உயிரையும் கொல்லவில்லை. கடவுளை வேண்டவில்லை. எதையும் படிக்கவில்லை. திருக்குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் தனித்தனி அதிகாரங்களாக இருப்பது போல இங்கும் தனித்தனி விரதங்கள். கொல்லாதவர் புலால் உண்ணலாம், புலால் மறுத்தவர் கொல்லலாம். கடவுளை வேண்டாதிருப்பது சாதாரண விஷயமில்லை. பட்டினியில் மயங்கி விழும் நேரத்தில் ஒரு பிரார்த்தனை வயிற்றை நிரப்பும் ஆட்டம் அது.

கொல்லா விரதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கூட வளர்க்கும் நாயோ பூனையோ எதிரியைக் கொன்றால் விரதம் கெடாது. அதனால் விரதக்காரர்கள் செய்வது என்னவென்றால், பயங்கரமான மிருகங்களை வளர்த்துக் கூடவே அழைத்துப் போவது. பாவம் மிருகத்தின் கணக்கில். இதில் எனக்கு உறுத்தல் உண்டு. ஆனால் விரதம் என்று வந்தபின் சந்து தேடுவதும் மனித சுபாவம்தான். ஏகாதசிக்கு அரிசி கூடாது என்றுதானே அவல் உப்புமா கண்டுபிடித்தோம்.

முதலில் எதிர்ப்பட்டதே உனக்கு

இப்போதைய பிள்ளைகளுக்கு இந்த வகையில் தெரிந்த ஒரே பெயர் நஸ்லாக். 2010-இல் நிக் ஃபிராங்கோ என்ற அமெரிக்க இளைஞர், உயிரினங்களைப் பிடித்துச் சண்டையிட வைக்கும் போகிமான் ரூபி ஆட்டத்தைத் தானே போட்ட விதிகளோடு ஆடினார். நடந்ததைச் சித்திரக்கதையாக வரைந்து இணையத்தில் போட, விதிகள் பரவிவிட்டன. இரண்டே இரண்டு அடிப்படை. சண்டையில் மயங்கி விழும் போகிமான் செத்ததாகக் கணக்கு, அதைத் திரும்ப ஆடவிடக் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் ஒன்றை மட்டுமே பிடிக்கலாம். பிடிபட்டதற்கெல்லாம் பெயர் வைக்க வேண்டும் என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது.

எல்லோரும் பேசுவது சாவு விதியைப் பற்றி. ஒரு பொம்மைக்குத் தங்கையின் பெயரை வைத்துவிட்டு அது விழும்போது தொண்டை அடைக்கிறதாம். இருக்கலாம். என் கணிப்பில் ஆட்டத்தை உண்மையில் மாற்றுவது இரண்டாவது விதி. சாதாரண ஆட்டத்தில் எல்லோரும் தொடக்கத்தில் கிடைத்த ஒன்றையே வளர்த்து வளர்த்து மலையாக்கி, மற்றவற்றைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான உருவங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் திறமை வகுத்துப் பெரும் குழு ஒன்று உழைத்திருக்க, ஆடுகிறவர் ஆறையோ ஏழையோ பார்த்துவிட்டு முடிக்கிறார். முதலில் வந்ததே உனக்கு என்று விதி வந்துவிட்டால், புல்லிலிருந்து ஒரு நோஞ்சான் வண்டு எட்டிப் பார்க்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று முதன்முறையாக யோசிப்பார். காண்டிராக்டில் அனுப்பப்பட்ட ஆட்களை வைத்து லைனை ஓட்டிப் பழகிய சூப்பர்வைசருக்கு இந்த விதியை விளக்கவே வேண்டாம்.

1999-இல் வந்த போகிமான் கோல்ட், சில்வர் பதிப்புகளில் விட்னி என்ற பெண் வருவாள். அவளுடைய மில்டாங்க் என்ற பசு நஸ்லாக் ஆடுகிறவர்களின் கூட்டத்தைக் கூண்டோடு அனுப்பிய பெருமைக்குரியது. உருண்டு வந்து மோதும் அதன் அடி முதல் தடவை 30 வலு, பட்டால் அடுத்தது 60, பிறகு 120, 240, 480. மூன்றாம் உருட்டலுக்கு முன் நிறுத்தத் தெரியாதவருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்தது. சாதாரணமாக ஆடினால் இந்தப் பசு ஒரு தொந்தரவு, இரண்டு முறை தோற்றுவிட்டு மூன்றாம் முறை ஜெயிக்கலாம். விதியோடு ஆடினால் அது அவள் ஊருக்கு இரண்டு ஊர் முன்பிருந்தே தயாராக வேண்டிய விஷயம்.

தேர்வு செய்யும் உரிமையையே பிடுங்கிக்கொள்ளும் இன்னொரு ஏற்பாடு ஃபைனல் ஃபேன்டஸியின் ஐந்தாம் பாகத்தில் நடக்கிறது. 1992-இல் வந்த அந்த ஆட்டத்தில் இருபதுக்கு மேல் தொழில்கள். யாரையும் எந்தத் தொழிலுக்கும் மாற்றிக்கொண்டே போகலாம் என்பதுதான் அதன் சுவை. 2009 முதல் ஆண்டுதோறும் கோடையில் சிலர் கூடி, நான்கு தொழில்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, அவற்றை மட்டும் வைத்து முடிக்க வேண்டும் என்று ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். நற்காரியத்துக்கு நன்கொடையும் திரட்டுகிறார்கள். வேதியியலாளர் விழுந்தால் யோகம், மருந்தைக் கலந்தே கடவுளையும் வீழ்த்தலாம். பெர்செர்க்கர் விழுந்தால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆள் சொல்பேச்சு கேட்கமாட்டார். தன் இஷ்டத்துக்கு எதிரே இருப்பவரை அடித்துக்கொண்டிருப்பார்.

முருகன் என்று சொல்லாமல் முருகனை

இதையெல்லாம் ஜப்பான்காரனும் அமெரிக்கனும் கண்டுபிடித்த கிறுக்கு என்று நினைப்பவர்கள் பதினேழாம் நூற்றாண்டுத் திருச்செந்தூருக்குப் போய் வரலாம். சிவப்பிரகாச சுவாமிகள் அங்கே ஒரு புலவரோடு பந்தயம் கட்டினார் என்றும், தோற்றவர் வென்றவருக்கு அடிமை என்று பேச்சு என்றும் சொல்வார்கள். அதில் பிறந்தது திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. தலைப்பிலேயே மூன்று விதிகள் இருக்கின்றன. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வேண்டும். அடிதோறும் அதே எழுத்துகள் வேறு பொருளில் திரும்ப வர வேண்டும். இரண்டு உதடும் ஒட்டவோ குவியவோ கூடாது.

மூன்றாவது விதியின் பொல்லாத்தனம் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ப, ம, வ மூன்றும் போயிற்று. உ, ஊ, ஒ, ஓ, ஔ போயிற்று. பாட வந்ததோ முருகனை. முருகன் என்று சொல்ல முடியாது. குமரன், வேலன், ஆறுமுகன் எதுவும் ஆகாது. கையில் இருக்கும் வேலைச் சொல்ல முடியாது, ஏறி வரும் மயிலையும் கொடியில் இருக்கும் சேவலையும் சொல்ல முடியாது. மிச்சம் நிற்பது கந்தன், செந்தில் போன்ற சில பெயர்கள். அங்கிருந்து மொழியின் மூலை முடுக்கெல்லாம் தேடிக்கொண்டு போக வேண்டும். நூறு ரூபாய் மந்திரத்தை ஒருவர் கண்டெடுத்தது போல, வேறு யாரும் எடுத்துப் பார்த்திராத சொற்களை அங்கே கண்டெடுத்திருப்பார்.

கனடாவில் வாழ்ந்த பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-இல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூலில் விளையாட்டு என்றால் என்ன என்று வரையறுக்கப் பார்த்தார். கோல்ஃப் பந்தைக் கையில் எடுத்துப் போய்க் குழியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. தேவையில்லாத தடையை விரும்பி ஏற்றுத் தாண்டப் பார்ப்பதே விளையாட்டு என்பது அவர் வாதத்தின் சாரம். அப்படிப் பார்த்தால் வெள்ளை மந்திரவாதியோடு தனியே போகிறவர் விசித்திரப் பிறவி இல்லை. எல்லோரும் ஒரு படி ஏறியிருக்கும் ஏணியில் அவர் இன்னும் நாலு படி ஏறியிருக்கிறார், அவ்வளவுதான்.

விதிகள் ஏமாற்றவும் செய்யும். ஃபைனல் ஃபேன்டஸியின் எட்டாம் பாகத்தில் (1999) நாம் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்வார்கள். லெவல் ஏறாமலே முடிப்பேன் என்று சபதம் எடுத்தவர்கள் எதிரிகளையும் குழந்தைகளாகவே வைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கோ மந்திரங்களைச் சேர்த்து உடம்போடு கோத்துக்கொண்டு வலுவாக இன்னொரு வழி இருந்தது. தவம் என்று நினைத்தது சொகுசாக முடிந்தது. எடைக்கு மேல் எடை ஏற்றுவது போல விதிக்கு மேல் விதி அடுக்கி, அதை வீடியோவாகப் போட்டுக் கைத்தட்டு வாங்கும் கூட்டமும் பெருகியிருக்கிறது. அவற்றில் பாதிக்கு மேல் பார்க்கச் சலிப்பு. எண்ணைச் சிறிதாக்குவதால் மட்டும் ஆட்டம் சுவாரசியமாகிவிடுவதில்லை. வேறு மாதிரி யோசிக்க வைக்கிற விதிதான் விதி.

தமிழ்நாட்டில் ‘கேம்’ என்ற சொல்லை எடுத்தாலே பேச்சு ரம்மிக்குப் போய்விடுவதால் அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மாநிலம் 2022-இல் சட்டம் கொண்டுவந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023-இல் மறுபடி நிறைவேறி அமலுக்கு வந்தது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை ஆடக் கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது. அந்த ஆகஸ்டிலேயே மத்திய அரசு பண ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. அந்த ஆட்டங்களைச் செய்தவர்களின் தொழிலே, எழுந்து போக நினைப்பவரை இன்னொரு கை உட்காரவைப்பது. அங்கே விதி வெளியிலிருந்து வராமல் வேறு வழியில்லை. நாம் பேசும் ஆட்டங்களில் எழுந்து போனால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

எமுலேட்டரில் ஆடுகிறவருக்கு இருக்கும் சோதனை வேறு. எந்த நொடியையும் உறைய வைத்துச் சேமித்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. செல்லப் பிராணி செத்ததா, இரண்டு விரல் தட்டினால் பத்து விநாடி முன்னே போய்விடலாம். பார்க்க ஆள் இல்லை, பக்கத்தில் நிற்பவர் அத்திப்பட்டிலேயே தூங்கிவிட்டார். நாள் முழுக்க பஞ்ச், டார்கெட், ஹெல்மெட், ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பள வெட்டு என்று அடுத்தவர் போட்ட விதியில் நின்றுவிட்டு வருகிறவர், அந்த இரண்டு விரலைத் தட்டாமல் செத்த பிராணியைப் பெட்டியில் போடுகிறார் என்றால், அவர் வாழ்நாளில் அவரே எழுதி அவரே கையெழுத்திட்ட சட்டம் அது ஒன்றாகவும் இருக்கலாம்.

முயல நினைப்பவர்களுக்கு: போகிமானில் தொடங்குவது நல்லது, அதிலும் முதலில் எதிர்ப்படும் ஒன்றைப் பிடிக்கும் விதியை மட்டும் வைத்துக்கொண்டு. சாவு விதியை இரண்டாம் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள், நடுவழியில் திருத்தக் கை துறுதுறுக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வரும் காலை வண்டியில் பெரிய சண்டை வைத்துக்கொள்ள வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் தப்பான பொத்தானை அழுத்துவீர்கள். நெட்ஹேக் சிறிய திரையில் கண்ணைக் கெடுக்கும், அதை வார விடுமுறைக்கு வையுங்கள். வெள்ளை மந்திரவாதியைத் தனியாக அனுப்புவதெல்லாம் அதற்கப்புறம்.